தலைமுடி குறைவதை அளந்த வரலாறு

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் நிறுக்கிறோம். ஒருவருடைய தலைமுடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை எதனால் அளப்பது? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றும் இது, மொழி வல்லாரையும் மருத்துவரையும் சட்ட மேதைகளையும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்திக்க வைத்த வினாவாகும். அவர்கள் கண்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கண்ணாடி முன் நின்று கலங்கும் இன்றைய தலைமுறைக்கும் அதிலே ஒரு வழி புலப்படும்.

முதலில், இந்த அளவை ஏன் அரிது என்பதைக் காண்போம். மனிதத் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. தலையிலுள்ள முடியில் பாதியளவு போன பின்னரே பார்ப்பவர் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிகிறது என்பது தோல் மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் கருத்து. இத்துடன் சூழ்நிலையும் சேர்ந்து கொள்கிறது. எண்ணெய் தேய்த்த தலையில் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடையிலே தோல் வெளித் தெரியும். நனைந்த தலையும் அவ்வாறே. அதே தலை உலர்ந்து, சீவி முடித்த பின் அடர்ந்து காணும். உச்சிக்கு நேர் மேலே விளக்கெரிந்தால் முடி மெலிந்து தோன்றும். பக்கவாட்டு ஒளியில் நிறைந்து தோன்றும். வெண்ணிறத் தோலில் கருமுடி குறைந்தால் சட்டெனத் தெரியும். கருநிறத் தோலில் அவ்வளவாகத் தெரியாது. சுருண்ட முடி சிறிதளவே இருந்தாலும் பரந்து மறைக்கும்; நீண்டு படிந்த முடி அவ்வாறு மறைக்காது. ஒரே மனிதரின் ஒரே தலை, ஒரே நாளில் நான்கு விதமாகக் காட்சியளிக்கிறது. இவற்றில் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

சொல்லால் அளந்தவர்கள்

நிஷாப்பூரில் ஹிஜ்ரி 350 (கி.பி. 961) இல் பிறந்து ஹிஜ்ரி 429 (கி.பி. 1038) இல் மறைந்த மொழியறிஞர் அபூ மன்ஸூர் அஸ்-ஸஆலிபீ, 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் அரிய நூலைத் தந்தவர். ஒரு பொருளின் படிநிலைகள் ஒவ்வொன்றுக்கும் அரபு மொழி வைத்திருக்கும் தனிப் பெயர்களைத் தொகுத்தளிக்கும் அந்நூலில், வழுக்கையின் வரிசைக்கும் ஓர் இடம் உண்டு.

நெற்றியின் இரு பக்கங்களிலும் முடி பின்வாங்கியிருந்தால் அவர் 'அன்ஸஃ'. அதைவிடச் சிறிது மிகுந்தால் 'அஜ்லஹ்'. பாதித் தலை வரை எட்டினால் 'அஜ்லா'. அதையும் தாண்டினால் 'அஸ்லஃ'. முடி முழுவதும் போய்விட்டால் 'அஹஸ்'. இவ்வாறு ஐந்து படிகளை ஐந்து சொற்களால் வகுத்துக் காட்டுகிறார் ஸஆலிபீ. அத்துடன் நில்லாமல், 'ஸலஃ' வேறு, 'கரஃ' வேறு என்றும் பிரிக்கிறார். முன்னது முடி மட்டும் போவது. பின்னது தோலே கெட்டுப் போவது. நோயால் வந்த குறைவையும் இயல்பாய் வந்த குறைவையும் ஒரே கூடையில் போடாத நுட்பம் இது.

இச்சொற்கள் இழிவுச் சொற்களாகப் பிறக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. நெற்றியின் இரு பக்கமும் ஏறியிருப்பதை அரபிகள் நற்குறியாகக் கொண்டனர். முடி நெற்றியை மறைத்து இறங்கியிருப்பதையே அவர்கள் விரும்பவில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களை 'அஸ்லஃ' என்றே வரலாற்று நூல்கள் வருணிக்கின்றன. அன்னார் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட செய்தியை அறிவிப்பவர், அவர்களை அந்த அடையாளத்தாலேயே குறிப்பிடுவது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஒருவர் வெறுக்காத அடையாளப் பெயரால் அவரைக் குறிப்பிடுவதில் தவறில்லை என்பதற்கு இதிலே சான்று காண்கிறார்கள். வெறுப்பாரானால் அப்பெயரால் அழைப்பது கூடாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

மருத்துவர் கண்டது

கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போக்ராத்தெஸ், அரபியில் புக்ராத் என அழைக்கப்படுபவர். விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்னும் செய்தி அவர் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுப்பில் காணப்படுகிறது. கிரேக்க மருத்துவம் அரபியில் பெயர்க்கப்பட்டபோது, முடி திட்டுத் திட்டாகப் போகும் நோயின் பெயரும் பொருள் மாறாமல் பெயர்க்கப்பட்டது. நரிக்கு முடி கொட்டுவதைப் போன்றது என்னும் பொருளில் கிரேக்கர் வைத்த பெயர், 'தாஉஸ் ஸஅலப்', அதாவது நரி நோய் ஆயிற்று. பாம்பு ஊர்ந்த தடம் போல் வளைந்து பரவும் வகை, 'தாஉல் ஹய்யா', பாம்பு நோய் ஆயிற்று. நம் தமிழ் மக்கள் புழுவெட்டு என்று சொல்வது ஏறத்தாழ இவ்வகையையே.

இப்னு ஸீனா (மறைவு ஹி. 428 / கி.பி. 1037) தம்முடைய 'அல்-கானூன்' நூலின் நான்காம் பாகத்தில், உடலழகு பற்றிய பகுதியில் இவற்றையெல்லாம் விரித்துரைக்கிறார். பெண்களுக்கும் விதை நீக்கப்பட்டவர்களுக்கும் வழுக்கை வராததற்கு உடலின் ஈரத் தன்மையைக் காரணமாகக் காட்டுகிறார். அக்காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. கண்ட காட்சி மட்டும் உண்மையானது. அதன் சரியான காரணம் துலங்க இன்னும் ஒன்பது நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிரில் அமர்ந்தவரின் கண்

முடி அடர்த்தியா, மெலிவா என்ற வினா மொழியோடும் மருத்துவத்தோடும் நிற்கவில்லை. அன்றாடம் ஐந்து வேளையும் எழக்கூடிய வினாவாகவும் இருந்தது. உளூச் செய்பவரின் தாடி மெலிந்திருந்தால் அதனடியிலுள்ள தோல் வரை தண்ணீர் சேர வேண்டும். அடர்ந்திருந்தால் மேற்புறத்தைக் கழுவினால் போதும். அவ்வாறாயின் மெலிவுக்கும் அடர்த்திக்கும் எல்லை எது?

இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹி. 676 / கி.பி. 1277) அவர்கள் 'அல்-மஜ்மூஃ' நூலில் ஷாபிஈ மத்ஹபு அறிஞர்களின் மூன்று கருத்துகளை எடுத்து வைக்கிறார்கள். மக்கள் எதை அடர்த்தி என எண்ணுகிறார்களோ அதுவே அடர்த்தி என்பது ஒன்று. சிரமமின்றித் தண்ணீர் அடிவரை சேருமானால் அது மெலிவு என்பது மற்றொன்று. மூன்றாவது கருத்தே சரியானதென அவர்கள் கொள்கிறார்கள்: இருவர் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் சபையில், பார்ப்பவர் கண்ணுக்குத் தோல் மறைந்திருந்தால் அடர்த்தி, தெரிந்தால் மெலிவு.

இந்த விடையிலுள்ள அறிவு நுட்பத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் எந்த முடியின் ஊடேயும் தோல் தெரியும். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் மெலிந்த தாடியும் கருமையாகவே தெரியும். ஆகவே பார்க்கும் தூரத்தை முதலில் நிலைநிறுத்தி, அதன் பிறகே தீர்ப்பை நிலைநிறுத்தினர். அந்தத் தூரத்தையும் கோலால் அளந்து சொல்லாமல், எல்லாருக்கும் தெரிந்த உரையாடல் தூரமாக வைத்தனர். ஒருவரின் தாடியில் ஒரு பகுதி அடர்ந்தும் ஒரு பகுதி மெலிந்தும் இருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் சட்டமே பொருந்தும் என்றும் கூறினர். முழுவதையும் ஒரே பார்வையில் முடிவு செய்யாமல் இடம் இடமாகப் பிரித்துக் காணும் முறை இது.

காழியின் முன் வந்த வழக்கு

ஒருவர் மற்றொருவரின் தலையில் கொதிநீரை ஊற்றிவிட்டார். முடி வேரோடு அழிந்துவிட்டது. இழப்பின் அளவை எவ்வாறு மதிப்பது? இங்கேதான் இவ்வினா நீதியின் வினாவாகிறது. கூட்டிச் சொன்னால் குற்றவாளிக்கு அநீதி. குறைத்துச் சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு அநீதி.

ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில், மீண்டும் முளைக்காத வகையில் தலைமுடி முழுவதும் அழிக்கப்பட்டால் முழு 'தியத்' உண்டு. தியத் என்பது உயிருக்கு ஈடாக நிர்ணயிக்கப்பட்ட நூறு ஒட்டகங்களின் மதிப்பு. ஷாபிஈ, மாலிகி மத்ஹபுகளில் முடிக்கெனத் தியத் இல்லை. 'ஹுகூமத்' எனும் முறையில், நேர்ந்த குறையை மதிப்பிட்டு ஈடு வழங்கப்படும். கருத்து வேறுபாடு இருந்தபோதிலும், இழப்பை அளந்தறிய வேண்டிய கடமை எல்லாருக்கும் பொதுவாயிற்று.

அவ்வாறு அளக்கும்போது அவர்கள் கைக்கொண்ட முறைகள் மூன்றைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, காத்திருத்தல். முடி மீண்டும் வளரக்கூடும் என்பதால் உடனே தீர்ப்பளிக்காமல் ஓராண்டு தவணை அளிப்பது ஹனஃபி சட்ட நூல்களில் கூறப்படும் முறை. முன்போலவே வளர்ந்துவிட்டால் ஈடு எதுவும் இல்லை.

இரண்டாவது, பரப்பளவு. இமாம் இப்னு குதாமா (மறைவு ஹி. 620 / கி.பி. 1223) தம் 'அல்-முக்னீ' நூலில், முடியில் ஒரு பகுதி மட்டும் போயிருந்தால் போன இடத்தின் பரப்பைக் கணித்து, அதற்குரிய விகிதப்படி தியத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்கிறார். தோராயமாகச் சொல்லாமல் அளந்து சொல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

மூன்றாவது, தரம் பிரித்தல். நம் நாட்டு மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் 'ஹிதாயா'வை இயற்றிய இமாம் மர்கீனானீ (மறைவு ஹி. 593 / கி.பி. 1197), 'கவ்ஸஜ்' எனப்படும் மெலிந்த தாடிக்காரரின் நிலையை மூன்றாகப் பிரிக்கிறார். முகவாயில் எண்ணிச் சொல்லத்தக்க சில முடிகளே இருந்தால், அதைச் சிரைத்ததற்கு ஈடில்லை. கன்னத்திலும் முகவாயிலும் இருந்து, ஒன்றோடொன்று இணையாமல் இருந்தால் நியாயமான மதிப்பீட்டு ஈடு உண்டு. இணைந்திருந்தால் அவர் கவ்ஸஜே அல்லர். முழு ஈடு உண்டு.

இப்னு குதாமாவோ வேறொரு பக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். அழிந்த முடி அடர்ந்ததாயினும் மெலிந்ததாயினும், அழகானதாயினும் அழகற்றதாயினும், சிறுவருடையதாயினும் பெரியவருடையதாயினும் ஈட்டில் வேறுபாடில்லை என்பது அவரது முடிவு. மெலிந்த முடி உடையவரும் தம் முடியின் முழு உரிமையாளரே. இரு இமாம்களின் பார்வையும் வெவ்வேறு. இருவருக்கும் நோக்கம் நீதி ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டின் அளவுகோல்கள்

பழைய மருத்துவர் கண்ட காட்சிக்குக் காரணம் தேடிய அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்ட்டன், 1942 இல் தம் முடிவை வெளியிட்டார். விதைச் சுரப்பு இல்லாத ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு நீரைச் செலுத்தியபோது, குடும்ப வழியில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது விழத் தொடங்கியது. ஆகவே சுரப்பு நீரும் மரபு வழியும் கூடியே ஆண்களின் வழுக்கையை உண்டாக்குகின்றன என்பது துலங்கியது.

அதே ஹாமில்ட்டன் 1951 இல் வழுக்கையின் படிநிலைகளை வகைப்படுத்தினார். 1975 இல் ஓட்டார் நார்வுட் என்னும் மருத்துவர் 1000 ஆண்களைப் பார்வையிட்டு அதைத் திருத்தி, ஏழு படிகளாக அமைத்தார். இன்றும் மருத்துவர்கள் கையாளுவது இவ்வளவுகோலையே. அதன் தொடக்கப் படிகளைப் பார்க்கும் அரபு மாணவருக்கு ஸஆலிபீயின் 'அன்ஸஃ' நினைவுக்கு வராமல் இராது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸஆலிபீயின் ஐந்து சொற்களும் நெற்றியிலிருந்து பின்னோக்கிச் செல்லும் இழப்பையே காட்டுகின்றன. உச்சந்தலையில் தனியே தோன்றி வளரும் வட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது புதிய அளவுகோலின் சிறப்பு.

பெண்களுக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. அவர்களுக்கு நெற்றிக் கோடு பெரும்பாலும் நிலைத்திருக்க, வகிட்டைச் சுற்றி முடி மெலிகிறது. 1977 இல் லுட்விக் என்னும் மருத்துவர் 468 பெண்களை ஆராய்ந்து, பெண்களின் மெலிவை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். வகிடு அகலுவதே அதில் முதல் அடையாளம்.

முடி வளர்க்கும் மருந்துகள் வந்தபோது அளவை மேலும் கடுமையாயிற்று. தலையில் பூசும் மினாக்சிடில் 1988 இலும், உட்கொள்ளும் ஃபினாஸ்டிரைட் 1997 இலும் முடி உதிர்வுக்காக அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டன. மருந்தால் முடி கூடிற்று என்று சொன்னால் மட்டும் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். ஃபினாஸ்டிரைட் சோதனையில், உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டனர். மறுமுறையும் அதே இடத்தைக் காண்பதற்காகத் தோலில் சிறு பச்சைப் புள்ளி குத்தினர். அவ்வட்டத்துக்குள் இருந்த முடிகளைப் படமெடுத்து எண்ணினர். தலையை அசையாமல் நிறுத்தி, ஒரே தூரத்தில் ஒரே ஒளியில் முழுத் தலையையும் படம் பிடித்தனர். மருந்து பெற்றவர்களோடு, மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களையும் ஒப்பிட்டனர். இத்தனைக்கும் பிறகு ஓராண்டு காத்திருந்தே முடிவைக் கூறினர். வேறு சில ஆய்வுகளில், குறித்த இடத்தின் முடியை வெட்டி எடுத்து நிறுத்தும் பார்த்தனர். முடியை நிறுக்கும் செய்தி நமக்குப் புதிதன்று. ஏழாம் நாளில் குழந்தையின் முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி தருமம் செய்யும் வழக்கம் நம் இல்லங்களில் உள்ளதே.

ஒரே இடம், ஒரே தூரம், பரப்பின் கணக்கு, ஓராண்டுத் தவணை. நவவீயும் இப்னு குதாமாவும் ஹனஃபி அறிஞர்களும் வேறு தேவைகளுக்காக வகுத்த நிபந்தனைகளும், ஆய்வுக்கூடத்தார் வகுத்த நிபந்தனைகளும் இவ்வளவு நெருங்கி வருகின்றன. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதிய நூல்கள் அல்ல இவை. கண் ஏமாறும் இயல்புடையது என்பதை இரு சாராரும் உணர்ந்திருந்தனர். ஆகவே இரு சாராரும் கண்ணுக்குக் கடிவாளமிட்டனர்.

இல்லங்களுக்கு உரியது

இச்செய்திகள் ஏட்டோடு நிற்க வேண்டியவை அல்ல. கடுங்காய்ச்சல் கண்டு எழுந்தவருக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. 2020 இல் கொரோனாத் தொற்று பரவிய பின்னரும் பலருக்கு இவ்வாறு நேர்ந்தது. நோய் போன பின்னர் முடி போவதால், காரணம் தெரியாமல் கலங்குகின்றனர். நலிவின்போது வளர்ச்சி நின்றுபோன முடிகள் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து பின்னரே உதிர்கின்றன. தாமதத்துக்கு இதுவே காரணம். பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களில் உதிர்வது அடங்கி மீண்டும் முளைக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால், பழைய நிறைவு கண்ணுக்குத் தெரிய ஓராண்டும் ஆகலாம். காழி தந்த தவணையை இவர்கள் தமக்குத் தாமே தந்துகொள்ள வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் எண்ணெய் விற்பவர் நுழைகிறார். முன்னும் பின்னுமாக இரு படங்களைக் காட்டுகிறார். முதற்படம் நனைந்த தலையில், உச்சி விளக்கின் கீழ் எடுத்தது. அடுத்தது உலர்ந்து சீவிய தலையில், மங்கிய ஒளியில் எடுத்தது. முடி மாறவில்லை; சூழ்நிலைதான் மாறியது. தானே வளரவிருந்த முடிக்கும் அவர் தம் குப்பியின் பெயரைச் சூட்டிவிடுகிறார். ஏழைத் தகப்பனின் ஒரு மாதக் கூலி இவ்வாறு கரைவதை ஊர்தோறும் காண்கிறோம்.

தம் முடியின் நிலையை அறிய விரும்புவோர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எண்ணெய் தேய்க்காத உலர்ந்த தலையுடன், ஒரே இடத்தில், ஒரே ஒளியில், ஒரே வகிட்டில் படமெடுத்து ஒப்பிடட்டும். நாள்தோறும் சீப்பில் வருவதை எண்ணி அழ வேண்டியதில்லை. இரண்டு நாள் குளிக்காதிருந்து குளித்தால் அதிகம் வருவது இயல்பே. திட்டாக முடி போனாலும், தோல் சிவந்து புண்ணானாலும், வழுவழுப்பாகித் தழும்பேறினாலும், ஆறு மாதம் கடந்தும் உதிர்வது நில்லாவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவோ கழுத்துச் சுரப்பியின் கோளாறோ காரணமாயிருக்கலாம். இவற்றைச் சோதித்தறிந்து தீர்க்க முடியும்.

பெண் பார்க்கச் செல்லும் இடத்தில், வகிடு சற்று அகன்றிருப்பதைச் சொல்லிச் சம்பந்தம் தட்டிப்போகும் செய்திகளும் நம் சமுதாயத்தில் காதில் விழுகின்றன. முடியின் மெலிவை நம் இமாம்கள் இத்தனை நுட்பமாக அளந்தார்களே, அது யாருக்காக? இழந்தவருக்கு உரியதைப் பெற்றுத் தருவதற்காக. மெலிந்ததற்கும் அடர்ந்ததற்கும் ஈடு ஒன்றே என எழுதிய இப்னு குதாமாவின் நூலை மதிக்கும் நாம், ஒரு பெண்ணின் வகிட்டைப் பார்த்து அவள் மதிப்பைக் குறைத்துப் பேசுவோமானால், அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு நீதியை விட்டுவிட்டவர்கள் ஆவோம்.